மூன்றரை கிராம் லிப்ஸ்டிக்குக்கும் ஒரு மூலப்பொருள் பட்டியல் வேண்டும்

பெறுநர்:
மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதுதில்லி
இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அழகுசாதனக் குழு (பிசிடி 19)
லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசை தயாரிப்போர், இறக்குமதி செய்வோர்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். 2020 டிசம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்ட அழகுசாதன விதிகளில், பொருளில் சேர்த்தவற்றை லேபிளில் அச்சிட வேண்டும் என்று இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் வர வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். நல்ல விதி. ஆனால் கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது: 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருளுக்கும் 60 மி.லி.க்குக் குறைந்த திரவத்துக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை.

ஒரு லிப்ஸ்டிக் மூன்றரை, நான்கு கிராம். லிப் பாம் ஏறக்குறைய நாலரை. லிப் லைனர் பென்சிலில் இருப்பது ஒன்றரை கிராம்கூட இராது. இந்த விலக்கால் நடப்பது என்னவென்றால், தலையில் தேய்த்து இரண்டு நிமிடத்தில் அலசிவிடும் ஷாம்பு புட்டி தனக்குள் இருப்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். உதட்டில் தடவி, காபியோடும் சோற்றோடும் வயிற்றுக்குள் போகும் பொருள் வாய் திறக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் தாமாகவே அட்டைப்பெட்டியில் பட்டியல் போடுகின்றன என்பது உண்மைதான். போடாதவரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பதும் உண்மை.

யாருக்கு இது தேவை? முதலில் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதம் சிறுகுடலை எட்டினால் உடலின் எதிர்ப்பாற்றலே குடலின் உறிஞ்சிகளைத் தாக்கிச் சிதைக்கும் நோய் இது. மருந்து இல்லை, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வழி. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பான்கள் இருந்தன. மரபணுக் கூறு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டில் விழும் கோதுமையின் அளவுதான் வேறு. தெற்கில் ஆயிரத்தில் ஒருவர் என்பதால் இங்கே கடைக்காரருக்கும், பல சமயம் மருத்துவருக்கும்கூட, ‘லிப்ஸ்டிக்கில் குளூட்டன் இருக்கிறதா’ என்ற கேள்வி விநோதமாகத் தெரிகிறது. லிப்ஸ்டிக்கோ நாடு முழுக்க ஒரே டப்பாவில்தான் விற்கிறது.

பயத்தை விற்பது எங்கள் நோக்கமல்ல. அதனால் அறிவியலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குளூட்டன் பெரிய மூலக்கூறு. நலமான தோலின் வழியாக அது ரத்தத்துக்குள் போய்ச் சீலியாக்கைத் தூண்டுவதில்லை. மஸ்காராவிலோ, பவுண்டேஷனிலோ, கண்டிஷனரிலோ கோதுமைப் புரதம் இருப்பதால் குடல் கெட்டுவிடாது. முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு கொப்புளம் வரும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ் என்ற தோல் வடிவத்துக்கும் காரணம் உண்ட குளூட்டன்தான், பூசிய குளூட்டன் அல்ல. ஆகவே ‘குளூட்டன் இல்லாத ஷாம்பு’ என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள், சீலியாக் நோயாளிக்குத் தேவையில்லாத ஒன்றைத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள்.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு கதை. அது சீலியாக் அல்ல. அதில் தோலும் வாசல்தான். ஜப்பானில் 2004 முதல் 2010 வரை விற்ற ஒரு முகச் சோப்பில் அமிலத்தால் உடைத்த கோதுமைப் புரதம் 0.3 சதவீதம் சேர்த்திருந்தார்கள். தினமும் அதில் முகம் கழுவியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை புதிதாக வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிட்டதும் இமை வீங்கியது. சிலர் அதிர்ச்சி நிலைக்கே போனார்கள். 2011-இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் புரதம் போதிய அளவு உடையாமல் பெரிய துண்டுகளாக இருந்ததும், அமிலம் அதன் வேதி அமைப்பையே மாற்றியிருந்ததும்தான் கோளாறு. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் விதி போட்டது: அழகுசாதனத்தில் சேர்க்கும் ஹைட்ரோலைஸ்டு, அதாவது சிறிதாக உடைத்த, கோதுமைப் புரதத்தின் துண்டுகளின் மூலக்கூறு எடை சராசரியாக 3.5 கிலோடால்டனைத் தாண்டக் கூடாது. மூலப்பொருள் வாங்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் விற்பவரின் பகுப்பாய்வுச் சான்றில் இந்த எண்ணைத் தேட வேண்டும். சான்றில் மூலக்கூறு எடை இல்லையென்றால் அந்தச் சரக்கு வேண்டாம்.

இனி உதட்டுக் கணக்கு. சீலியாக் நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில் குடல் கெட்டது தெரிந்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை என்பது இன்றைய பொதுக் கணிப்பு. 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். அதை முந்நூறு துணுக்காகக் கிள்ளினால் ஒரு துணுக்குதான் அந்த 10 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு தன் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்ளும் லிப்ஸ்டிக் அளவு நாளுக்கு 57 மில்லிகிராம். அத்தனையும் வயிற்றுக்குள் போனாலும், லிப்ஸ்டிக்கில் ஒரு சதவீதம் குளூட்டனே இருந்தாலும், உள்ளே போவது 0.57 மில்லிகிராம். அது 20 பிபிஎம் அளவில், அதாவது கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் இருந்தால், ஒரு மைக்ரோகிராமை ஒட்டித்தான் வரும். பற்பசைக்கு எடுத்துக்கொள்ளும் அளவு நாளுக்கு 2.75 கிராம். முழுவதையும் விழுங்கினாலும் 20 பிபிஎம்மில் 0.055 மில்லிகிராம்.

இத்தாலியிலேயே இன்னோர் ஆய்வில் வாய்ச் சுகாதாரப் பொருட்களும் உதட்டுப் பொருட்களுமாக 66-ஐச் சோதித்தார்கள். 62-இல் குளூட்டன் 20 பிபிஎம்முக்குக் கீழே. நான்கில் மட்டும் மேலே, அதுவும் கொஞ்சமாகவே.

பிறகு எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். உணவிலேயே கணக்கு தீர்ந்துவிடுவதால்தான். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதிய பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம். அப்படிப்பட்ட உணவை நாளுக்கு அரைக் கிலோ சாப்பிட்டால், மோசமான கணக்கில், 10 மில்லிகிராமும் அங்கேயே முடிந்துபோகும். மிச்சம் வைக்காத பட்ஜெட்டில் சில்லறைச் செலவுக்கும் கணக்கு கேட்கத்தான் வேண்டும். அதோடு மேலே போட்ட கணக்கு எல்லாம் ‘ஒரு சதவீதம் இருந்தால்’ என்று தொடங்குகிறது. இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். சொல்லாதபோது பாதிப் பேர் எல்லாவற்றையும் குப்பையில் போடுகிறார்கள். மீதிப் பேர் எதையும் பார்ப்பதில்லை.

பட்டியல் இருக்கும் டப்பாவிலும் படிப்பது எளிதல்ல. அழகுசாதன லேபிளில் கோதுமை தன் ஊர்ப் பெயரில் வருவதில்லை. ‘ட்ரிட்டிகம் வல்கேர்’ என்றால் கோதுமை. ‘ஹோர்டியம் வல்கேர்’ பார்லி. ‘செகேல் செரியலே’ ரை. ‘அவினா சட்டைவா’ ஓட்ஸ். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை, ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்து வருவதால் தனியாகப் பிரித்து வளர்த்து அரைக்காத ஓட்ஸை நம்ப முடியாது. குழந்தைகளின் வறண்ட தோலுக்குத் தரும் ‘கொலாய்டல் ஓட்மீல்’ இதுவே. ‘ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்’ என்று நேராகவே எழுதியிருந்தால் நல்லது. ‘ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்று மட்டும் இருந்தால் அது சோயாவா, கோதுமையா, மக்காச்சோளமா என்று யாருக்குத் தெரியும்? ‘வீட்ஜெர்ம்அமிடோபுரோப்பைல்’ என்று தொடங்கும் நீண்ட பெயர்களும் கோதுமையிலிருந்து வந்தவை. ‘மால்ட் எக்ஸ்ட்ராக்ட்’ பெரும்பாலும் பார்லி.

கோதுமை முளை எண்ணெய் ஒரு நடுத்தர நிலை. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இராது. செக்கில் பிழிந்து வடிகட்டியதோடு நிறுத்தியதில் மிஞ்சும். ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’ என்று எழுதிய லிப் பாமில்தான் இந்த இரண்டாம் வகை வருகிறது. சாதாரண லிப்ஸ்டிக்கின் அடிப்படையோ ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு, கார்னாபா, கேண்டலில்லா மெழுகு, மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, நிறமிகள். இவற்றில் குளூட்டனுக்கு வேலையே இல்லை. மூலிகைப் பச்சை அட்டையைப் பார்த்து நிம்மதி அடைவதற்குப் பதில், அங்கேதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும்.

வீண் பயங்களையும் சொல்லிவிடுகிறோம். சருமத்தை வெளுக்க வைப்பதாக விற்கும் குளூட்டாதயோனுக்கும் குளூட்டனுக்கும் எழுத்தொற்றுமை தவிர உறவில்லை. (அது வெளுக்க வைக்கிறதா என்பது வேறு மடலுக்கான விஷயம்.) குளூக்கோனேட், குளூக்கோனோலாக்டோன் இரண்டும் அப்படியே. குளூட்டமிக் அமிலத்தின் பெயர் குளூட்டனிலிருந்து வந்தாலும் அது குளூட்டன் அல்ல. மால்ட்டோடெக்ஸ்ட்ரினில் ‘மால்ட்’ இருப்பதால் அது பார்லி ஆகிவிடாது. பெரும்பாலும் மக்காச்சோளம் அல்லது மரவள்ளி. தானியத்திலிருந்து காய்ச்சி வடித்த ஆல்கஹாலில் புரதம் ஏறி வராது. டோகோபெரால், அதாவது வைட்டமின் ஈ, கோதுமை முளையிலிருந்தே எடுத்திருந்தாலும் அந்த அளவு சுத்தமாக்கியபின் கவலைக்குரியதல்ல.

இன்னொன்று பலரை ஏமாற்றுகிறது. இறக்குமதி மேக்கப் டப்பாவில் கூட்டல் கழித்தல் குறியோடு ‘மே கன்டெய்ன்’ என்று வரும். பிஸ்கட் பாக்கெட்டில் பார்த்துப் பழகியவர்கள் இதை ஒவ்வாமை எச்சரிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நிறமிகளுக்கானது மட்டுமே: ஒரே வரிசையில் பல ஷேடுகள் இருப்பதால் எந்தெந்த நிற எண்கள் வரக்கூடும் என்ற பட்டியல். அதில் கோதுமை இல்லை என்பதால் தொழிற்சாலையில் கோதுமை இல்லை என்று பொருளாகாது.

தயாரிப்பாளர்களே, சூத்திரத்தில் கோதுமை சேர்க்காத பொருளில் அது எப்படி நுழைகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் சேவையில் அமர்ந்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. லிப்ஸ்டிக்கில் நிறமியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மூன்று உருளை மில்லில் அரைக்கிறீர்கள். உருளையின் ஓரங்களிலும் சுரண்டு தகட்டின் அடியிலும் முந்தைய தொகுதி (பேட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த நிறத்துக்கு மாறும்போது துடைப்பது கண்ணுக்குத் தெரியும் நிறம் போவதற்காக. புரதம் கண்ணுக்குத் தெரியாது. மெழுகு உருக்கும் கலத்தின் அடி வால்வும், அச்சில் ஊற்றும் குழாயும் அப்படியே. கோதுமைப் புரதம் உள்ள தொகுதியை நாளின் கடைசியில் ஓட்டி, சூடான எண்ணெயால் அலசி, அந்த அலசிய எண்ணெயையே சோதனைக்கு அனுப்பினால் பாதி கவலை தீரும். பவுடர் பிரிவில் இது இன்னும் கடினம். கோதுமை ஸ்டார்ச் சேர்த்த லூஸ் பவுடர் பறக்கும். பக்கத்து வரிசையில் படியும். கோதுமை ஸ்டார்ச்சை விட்டுவிட்டு அரிசி, மக்காச்சோளம், மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு மாறுவதே எளிது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளிலிருந்து மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காத நாளுண்டா?

சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. நலங்கு மாவு, குளியல் பொடி என்று பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் அரைக்கக் கொடுக்கும் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். மில்லின் கல்லிலும் துணிப்பையிலும் அது தங்கும். முதலில் விழும் மாவு உங்கள் பொடி அல்ல, அவருடைய கோதுமை. கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு விற்பதென்றால் சொந்தமாகச் சிறு மில் வையுங்கள். முடியாவிட்டால் ‘பொது மில்லில் அரைத்தது’ என்று எழுதிவிடுங்கள்.

சோதனை பற்றி அமைவனத்துக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பரிசோதித்தோம், இல்லை’ என்ற சான்றுகளில் பல எதைப் பரிசோதித்தன என்றே தெரிவதில்லை. எதிர்ப்பான்களைக் கொண்டு குளூட்டனைக் கண்டுபிடிக்கும், உணவுக்குப் பயன்படும் ஆர்5 எலைசா முறையில் இரண்டு வகை உண்டு. சாண்ட்விச் வகையில் ஒரு புரதத் துண்டை இரண்டு எதிர்ப்பான்கள் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். ஹைட்ரோலைஸ் செய்து சிறிதாக உடைத்த துண்டில் ஓர் எதிர்ப்பான் பிடிக்கவே இடம் இருக்கும். முடிவு ‘இல்லை’ என்று வரும், பொருளிலோ இருக்கும். உடைத்த புரதம் உள்ள பொருளுக்கு, ஓர் எதிர்ப்பான் பிடித்தாலே போதும் என்ற போட்டி வகை எலைசாவே பொருந்தும். இரண்டாவது சிக்கல் மெழுகு. உணவு மாவிலிருந்து குளூட்டனைப் பிரித்தெடுக்கும் கரைசலை அப்படியே லிப்ஸ்டிக்கில் ஊற்றினால் மெழுகும் எண்ணெயும் புரதத்தை மூடிக்கொண்டு வெளியே வர விடமாட்டா. முதலில் கொழுப்பை நீக்கி, பிறகு பிரித்தெடுக்க வேண்டும். மூலிகைச் சாறுகளில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பிரிக்கும்போது கொழுப்பு நீக்கிய பால்பொடி சேர்ப்பது வழக்கம். இவை நடந்தனவா என்பதை அறிய ஒரே வழி, தெரிந்த அளவு கோதுமைப் புரதத்தை வேண்டுமென்றே அதே லிப்ஸ்டிக்கில் கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது. திரும்பப் பெற்ற சதவீதம் அச்சிடாத சான்றுக்கு மதிப்பில்லை. ஆர்5 ஓட்ஸைக் காட்டாது. பார்லியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இதையும் சான்றில் சொல்ல வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். உதட்டுக்கும் வாய்க்கும் உரிய பொருட்களுக்கு 30 கிராம், 60 மி.லி. விலக்கு நீங்க வேண்டும். டப்பா சின்னது, இடமில்லை என்ற பதில் வரும் என்று தெரியும். ஐரோப்பாவில் இடமில்லாத பொருளுக்குப் பட்டியலைத் துண்டுச்சீட்டிலோ தொங்கும் அட்டையிலோ போட்டு, டப்பாவில் ஒரு கையும் திறந்த புத்தகமும் கொண்ட சின்னத்தை அச்சிடுகிறார்கள். உரித்துப் பார்க்கும் இரட்டை லேபிளும் உண்டு. அங்கே ஒவ்வாமை தரும் வாசனைப் பொருட்களையே தனித்தனியாகப் பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத வேண்டும். நம்மூர்ப் பற்பசை அட்டையில் பச்சைப் புள்ளிக்கு இடம் கிடைத்திருக்கிறது.

தாவரவியல் பெயருக்குப் பக்கத்தில் தானியத்தின் பொதுப்பெயர் வர வேண்டும். ‘வெஜிடபிள் புரோட்டீன்’ என்று மொட்டையாக எழுதுவதை ஏற்கக் கூடாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொல்லை அழகுசாதனத்தில் யார் வேண்டுமானாலும் இன்று எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை போய், உதட்டுக்கும் வாய்க்கும் உரியவற்றுக்கு உணவுக்குள்ள அதே 20 பிபிஎம் பொருந்த வேண்டும்.

நிறுவனங்களின் சேவை மையங்களுக்கு: ‘எங்கள் பொருட்கள் பாதுகாப்பானவை’ என்பது பதிலல்ல, ‘ஹைபோஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவு) என்பதும் அல்ல. ‘மருத்துவரைக் கேளுங்கள்’ என்றால், உங்கள் மில்லில் முந்தைய தொகுதி எது என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ஷேடின் பெயர், தொகுதி எண், தயாரிப்பு உரிம எண் மூன்றையும் கொடுத்துக் கேட்டால் மூன்று பதில் வேண்டும்: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸிலிருந்து வந்த எதையாவது சேர்த்தீர்களா, அதே இயந்திரத்தில் அவை ஓடுகின்றனவா, கடைசியாக எந்த முறையில் சோதித்தீர்கள். சூத்திரம் மாறினால் பழைய பெயரிலேயே புதியதை விற்காமல் அட்டையில் ‘புதிய சூத்திரம்’ என்று போடுங்கள்.

விதி மாறும் வரை வாங்குபவர்கள் என்ன செய்வது? லிப்ஸ்டிக், லிப் பாம், லிப் லைனர், பற்பசை, மவுத்வாஷ் இவற்றை முதலில் பாருங்கள். அடுத்து லூஸ் பவுடர்; அது உதட்டில் படியும், தூள் தொண்டைக்குள்ளும் போகும். அடுத்து கைக்கு இடும் கிரீமும், குழந்தைக்குப் பூசும் லோஷனும். ஷாம்பு, கண் மை, நகப்பூச்சு கடைசி. நகம் கடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் நகப்பூச்சை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கடையில் எல்லோரும் தடவிப் பார்த்த டெஸ்டரை உதட்டில் வைக்காமல் மணிக்கட்டில் இழுத்துப் பாருங்கள். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு லிப் பாம் டப்பாவுக்குள் விரலை விட்டால் அதன் பிறகு லேபிளைப் படித்துப் பயனில்லை. குச்சி வடிவில் உள்ளதை வாங்குங்கள். உணவுக்கு விற்கும் கையடக்கக் குளூட்டன் சோதனைக் கருவியில் லிப்ஸ்டிக்கைத் தேய்த்துப் பார்ப்பது, மேலே சொன்ன மெழுகுச் சிக்கலால், காசுக்குக் கேடு.

லேபிளில் நாங்கள் பார்க்க விரும்பும் வாசகத்தையும் எழுதி இணைக்கிறோம். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் திருத்தி எடுத்துக்கொள்ளலாம்: ‘கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் சேர்க்கவில்லை. இவை ஓடும் இயந்திரத்தில் தயாரித்தது. கொழுப்பு நீக்கிச் சோதித்ததில் குளூட்டன் 20 பிபிஎம்முக்குக் கீழ்.’ நடுவில் உள்ள வாக்கியத்தை நீக்காமல் அச்சிடும் நிறுவனத்தின் லிப்ஸ்டிக்கை நாங்கள் வாங்குவோம்.

இப்படிக்கு,
லேபிள் படிக்கும் சில சீலியாக் குடும்பங்கள்